ராமேஸ்வரப் பயணத்தில் ஹாம் ரேடியோ: கடலோரத்துக்கு ஐந்து மீட்டர் கம்பி போதும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஜெனரல் கிரேடு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் மனைவி, எட்டு வயது மகள், மாமியார் எல்லோருமாகக் காரில் மூன்று நாள் ராமேஸ்வரம் போகிறோம். என்னிடம் 20 வாட் ஜி90 செட் இருக்கிறது. தீவிலிருந்து பேச வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மாடியில் கட்டியிருக்கும் 40 மீட்டர் பேண்ட் டைபோலையே (நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பி ஆன்டெனா) கழற்றி எடுத்துப் போகலாமா, ரெடிமேட் ஆன்டெனா வாங்க வேண்டுமா? போன தடவை கொல்லிமலையில் கம்பி கட்டி முடிப்பதற்குள் பாதி நாள் ஓடிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். கடலோரத்தில் போலீஸ் தொந்தரவு வருமா? முன்னதாக ஏற்காட்டில் ஒத்திகை பார்த்தால் பயன் உண்டா?

பதில்: மாடியில் இருக்கும் டைபோல் அங்கேயே இருக்கட்டும். ரெடிமேட் ஆன்டெனாவும் வேண்டாம். ராமேஸ்வரத்தில் உங்களுக்காக வேலை செய்யப்போவது கடல். அதற்கு ஏற்ற ஆன்டெனா செங்குத்தாக நிற்கும் ஒரு ஐந்து மீட்டர் கம்பிதான். அதைப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். கொல்லிமலையில் வீட்டார் கோபித்துக்கொண்டது ரேடியோவின் மேல் இருக்காது, கம்பி கட்டிய நேரத்தின் மேல்தான் இருக்கும்.

கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமன்ஸ். சேர்வராயன் மலை மாதிரிப் பாறை மண்ணில் அது 0.001, 0.002 என்ற அளவில்தான் இருக்கும். செங்குத்து ஆன்டெனாவிலிருந்து தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலை தரையில் பட்டுத் தெறித்து, நேராகப் போகும் அலையோடு சேர வேண்டும். பாறையிலும் வறண்ட மண்ணிலும் அந்தத் தாழ்ந்த கோணத்துச் சக்தியில் பெரும்பகுதி வீணாகிறது. கடலில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வருகிறது. வெகுதூர நாடுகளுக்குப் போகும் அலை ஐந்து பத்து டிகிரி கோணத்தில் கிளம்புவது. அதனால் நீர்விளிம்பில் நிற்கும் எளிய கம்பி, உள்ளூரில் மாடியில் கட்டிய பெரிய ஆன்டெனாவோடு போட்டி போடும். ஒரு நிபந்தனை உண்டு: தண்ணீருக்குப் பத்து மீட்டருக்குள் நிறுத்த வேண்டும், பேச விரும்பும் திசையில் கடல் இருக்க வேண்டும். நூறு மீட்டர் தள்ளி, விடுதி மொட்டை மாடியில் நிறுத்தினால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

திசையை யோசித்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பா நமக்கு வடமேற்கு. அதற்குத் தீவின் வடகரை, பாக் நீரிணைப் பக்கம். ஜப்பான் வடகிழக்கு, இந்தோனேசியா பக்கம் கிழக்கும் தென்கிழக்கும். அதற்குக் கிழக்குக் கரை. ஆப்பிரிக்காவுக்கு மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்கரை. மூன்று நாளில் எல்லாவற்றையும் பிடிக்க ஓடாதீர்கள். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கரையோ, அதற்கு வாய்க்கும் திசை போதும்.

இனி ஆன்டெனா செய்யும் முறை. 20 மீட்டர் பேண்டின் 14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 71.3 ÷ 14.2, அதாவது 5.02 மீட்டர். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் அலை சற்று மெதுவாகப் போவதால் முடிவில் 4.85 மீட்டர் பக்கம் வந்து நிற்கும். முதலில் 5.2 மீட்டராக மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்று மேலே நிற்க, இரண்டு ரேடியல், அதாவது அடியிலிருந்து பக்கவாட்டில் விரியும் கம்பி. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 0.75 சதுர மி.மீ. பல இழைக் கம்பி தாராளமாகப் போதும். ஒற்றை இழைக் கம்பி நாலு தடவை சுற்றிப் பிரித்தால் ஒடிந்துவிடும். ஒரு பி.என்.சி. சாக்கெட்டின் நடு முனையில் நிற்கும் கம்பியையும், வெளி முனையில் இரண்டு ரேடியலையும் சாலிடர் வைத்து, சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்குங்கள். 15 மீட்டர் பேண்டுக்கு இதே மாதிரி 3.45 மீட்டரில் இன்னொரு செட், வேறு நிறக் கம்பியில். அது 3.25 பக்கம் வந்து நிற்கும். நீளத்தைக் குறைக்கும்போது வெட்டாதீர்கள். நுனியை மடக்கி அதன் மேலேயே முறுக்கி விடுங்கள். கடலோரத்தில் இரண்டு விரற்கடை நீட்ட வேண்டி வந்தால் வெட்டிய கம்பி வளராது.

கம்பத்துக்கு ஏழு மீட்டர் மடக்குத் தூண்டில் கழி. வாங்கும்போது ஃபைபர்கிளாஸ் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கார்பன் ஃபைபர் கழி மின்சாரத்தைக் கடத்தும். ஆன்டெனாவின் இசைவைக் கெடுப்பதோடு, மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. நுனியின் மிக மெல்லிய இரண்டு கணுக்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், கடற்காற்றில் அவை வளைந்து கம்பியைத் தளர்த்தும். ஊட்டு முனை, அதாவது கேபிள் இணையும் அந்த டப்பா, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ரேடியல் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்து, நுனியில் நைலான் கயிறு கட்டுங்கள். ரேடியலில் சிவப்பு ரிப்பன் துண்டு கட்டாமல் விடாதீர்கள். ஓடி விளையாடும் குழந்தையின் கழுத்து மட்டம் அது.

மணலில் ஆணி நிற்காது. புதிதாகக் கடலோரத்தில் ஆன்டெனா போடுகிறவர்கள் திணறும் இடம் இதுதான். வீட்டில் இருக்கும் ஐந்து கிலோ அரிசிப் பையில் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து கயிறு எடுங்கள். கழியின் அடிக்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் இரண்டரை அடி. ஒரு நுனியைச் சாய்வாக அறுத்தால் மணலில் திருகி இறக்கலாம். கரையில் நிற்கும் படகிலோ வலைக் கம்பத்திலோ கயிறு கட்டக் கூடாது. பக்கத்தில் வலை பிரிப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அவர்கள் தொழில் செய்யும் இடம் அது. எந்தப் பக்கம் அலை ஏறும், எந்தப் பக்கம் ஏறாது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கோஆக்ஸ் கேபிள் ஆர்.ஜி.58 பத்து மீட்டர் போதும். 14 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபல்தான் இழப்பு. ஊட்டு முனைக்குச் சற்றுக் கீழே எஃப்.டி.240-43 ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்து பன்னிரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இது இல்லாவிட்டால் கேபிளின் மேல் உறையும் மூன்றாவது ரேடியல் மாதிரி நடந்துகொள்ளும்: மைக் உலோகத்தைத் தொட்டால் சுரீர் என்கும், கேபிளை நகர்த்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். (செட்டும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) மாறும், பக்கத்தில் இருக்கிற இரைச்சலையெல்லாம் கேபிளே பொறுக்கிக்கொண்டு வரும்.

கடலோரத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 என்று காட்டினால் பதறி நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல தரைமேல் கால் அலைக் கம்பியின் மின்மறுப்பு 36 ஓம் பக்கம் இறங்கும். செட் எதிர்பார்க்கும் 50 ஓமை 36-ஆல் வகுத்தால் அதே 1.4. சேலத்தில் 1.1 காட்டியது என்றால் அங்கே மண்ணின் இழப்பு அந்த மிச்ச ஓம்களைச் சேர்த்துக் கொடுத்தது என்று பொருள். எண் அழகாக இருப்பது ஆன்டெனா நன்றாக இருப்பதற்கு அடையாளமல்ல.

இந்த ஆன்டெனாவில் ஒரு குறை உண்டு. சேலத்து நண்பர்கள் காத்திருந்தால் ஏமாந்துபோவார்கள். ராமேஸ்வரத்துக்கும் சேலத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். தாழ்ந்த கோணத்தில் போகும் அலை அவர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அவர்களோடு பேச 40 மீட்டர் பேண்டும், நேர்மேலே அலையை வீசும் தாழ்வான கம்பியும் வேண்டும். அதே கழியில் ஆறு மீட்டர் உயரத்தில் நடுப்பகுதியை ஏற்றி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு கை, நுனிகள் ஆளுயரத்துக்கு மேலே இருக்கும்படி கவிழ்த்த வி வடிவம். இதற்குக் கடலோரம் தேவையில்லை, விடுதி வளாகத்தில் இடம் இருந்தால் போதும். நேரம்தான் முக்கியம். விடியற்காலையில் அயனிமண்டலம் ரொம்ப மெலிந்திருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்மேலே போனால் திரும்பாமல் கடந்துவிடும். ஆறு மணிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செட்டைச் சந்தேகப்படாதீர்கள்; ஏழரைக்குப் பிறகு ஒன்பதுக்குள் கூப்பிடுங்கள்.

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட் 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. உங்கள் செட் கேட்கும்போது அரை ஆம்பியரும், முழுச் சக்தியில் அனுப்பும்போது அதிகபட்சம் 8 ஆம்பியரும் இழுக்கும். குரலில் பேசினால் சராசரி அதில் பாதிக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு நேரம் நீங்கள் பேசி, மீதி கேட்டால் மணிக்கு ஒன்றரை ஆம்பியர் ஆகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒரு நாளுக்குத் தாராளம்; மூன்று நாளுக்கும் சேர்த்துப் போதாது, சார்ஜரை எடுத்துப்போங்கள். எஃப்.டி.8 (கணினி வழியாகத் தகவல் அனுப்பும் முறை) இயக்கினால் கணக்கு மாறிவிடும்: பாதி நேரம் முழுச்சுமை, செட்டும் கொதிக்கும். 10 வாட்டுக்கு இறக்கி, செட்டை நிழலில் வையுங்கள். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும். 0.75-ல் இரண்டு மீட்டர் இழுத்தால் 8 ஆம்பியரில் முக்கால் வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். பேட்டரி சற்று இறங்கியதும் பேசும்போது குரல் கரகரக்கும். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்பாதீர்கள்.

விடுதி அறையிலிருந்தே இயக்கலாமே என்று தோன்றும். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஏ.சி., மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் மீட்டரில் எஸ்-7, எஸ்-9 என்று இரைச்சலை ஏற்றி வைத்திருக்கும். நீங்கள் 20 வாட்டில் அனுப்புவது வெளியே நன்றாகப் போகும். பதில் சொல்பவர் குரல்தான் உங்களுக்குக் கேட்காது. பேட்டரியோடு வெளியே போவதற்கு இது ஒன்றே காரணமாகப் போதும்.

நேரத்துக்கு வருவோம், வீட்டாரைப் பொறுத்தவரை இதுதான் விஷயம். கோயில் நாளில் காலையைத் தொடவே தொடாதீர்கள். ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனம், அக்னி தீர்த்தம், இருபத்திரண்டு தீர்த்தம் என்று ஒன்பது பத்து மணி வரை உங்கள் மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு கை தேவைப்படும். ஈரத் தரையில் பெரியவர்கள் வழுக்கி விழுவது சுலபம். கோயிலுக்குள் செல்போனே அனுமதியில்லை என்பதால் கையடக்க செட்டையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுக்கும் இரண்டரையிலிருந்து நான்கரை உங்கள் நேரம். அப்போது 15 மீட்டர் பேண்ட் ஐரோப்பாப் பக்கம் திறந்திருக்க நல்ல வாய்ப்பு. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரையிலிருந்து பத்து, 20 மீட்டர். இவ்வளவுதான் வேண்டும் என்று கிளம்பும் முன்னரே மனைவியிடம் மணிக்கணக்காகச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு, தொடர்பு பாதியில் இருந்தாலும் விடைசொல்லி நிறுத்துங்கள். ஹெட்போன் இல்லாமல் போகாதீர்கள். மகளுக்கு விருப்பம் இருந்தால் பதிவேட்டை எழுதச் சொல்லலாம். விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

போலீஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இலங்கை எதிரே இருக்கிற கடற்கரை அது. கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரப் போலீஸ் எல்லோரும் கண்காணிக்கும் இடம். கழியும் கம்பியும் ஹெட்போனுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் விசாரிப்பது அவர்கள் கடமை. அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாமல் தயாராகப் போங்கள். முதலில் உங்கள் உரிமத்தை எடுத்து, அச்சிட்ட முகவரிக்கு வெளியே இயக்குவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் உரிமம் வழங்கிய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கிளம்புங்கள். ஒரு மாதம் என்பது அதற்குச் சற்று நெருக்கடியான அவகாசம், இன்றே தொடங்குங்கள். உரிமத்தின் அசல், இரண்டு நகல், ஆதார், செட் வாங்கிய பில் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். தமிழில் ஒரு பக்கக் கடிதம்: பெயர், அழைப்புக்குறி, எந்த நாள், எந்த இடம், எத்தனை வாட். போய் இறங்கிய அன்றே பக்கத்துக் காவல் நிலையத்தில் அதைக் கொடுத்துவிடுங்கள். கரையில் வந்து யாராவது நிறுத்தச் சொன்னால் உடனே செட்டை அணைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் காட்டுங்கள்.

கையடக்க வி.ஹெச்.எஃப். செட் கொண்டுபோனால் இன்னும் கவனம் வேண்டும். மலிவு விலைச் செட்கள் பல, ஹாம் பேண்டுக்கு வெளியேயும் அனுப்பும். 156.8 மெகாஹெர்ட்ஸ் கடலில் ஆபத்தில் இருப்பவர்கள் உதவி கேட்கும் சேனல். அங்கே தவறிப்போய் ஒரு பொத்தான் அழுத்துவதும் குற்றம். அதைவிட, யாரோ ஒருவரின் உயிர்க்குரலை மறைத்துவிடலாம். 144-146-க்கு வெளியே அனுப்ப முடியாதபடி கணினியில் பூட்டிவிட்டு எடுத்துப்போங்கள்.

தனுஷ்கோடியில் ஆன்டெனா நிறுத்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நிழல் கிடையாது, 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரை உங்கள் குடும்பம் பார்க்க வந்திருக்கும் இடம், அங்கே அவர்களோடு நில்லுங்கள். படகு பிடித்துக் குருசடை மாதிரிச் சின்னத் தீவுகளுக்குப் போய் இயக்கும் யோசனையும் வேண்டாம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை.

தீவுக் கணக்கில் பலர் தடுக்கி விழும் ஒரு இடம்: மண்டபத்தில் அறை எடுத்தால் அது தீவல்ல, பெருநிலம். பாம்பன் பாலத்தைக் கடந்த பிறகுதான் தீவு. தீவுத் தொடர்புகளுக்கான ஐயோட்டா திட்டம் 1964-ல் தொடங்கியது. அதைச் சேகரிப்பவர்கள் உங்களிடம் முதலில் கேட்பது தீவுக் குழு எண்ணைத்தான். கிளம்பும் முன் அதன் பட்டியலில் பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உலக வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கட்டக் குறியீடு ராமேஸ்வரத்துக்கு எம்.ஜே.99; சேலத்தில் பழக்கமான எம்.கே.91 வாயில் வந்துவிடும், கவனம்.

ஏற்காட்டு ஒத்திகை மிகவும் உதவும். ஆனால் எதற்கு என்று தெரிந்து போங்கள். அங்கே சரிபார்க்க வேண்டியது மூன்று: எல்லாவற்றையும் நிறுத்த எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த அடாப்டரை மறந்தீர்கள், பேட்டரி கணக்குப்படி தாங்குகிறதா. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் பொருட்களைக் குறையுங்கள். செங்குத்துக் கம்பி எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் அங்கே வைத்து எடைபோடாதீர்கள். பாறை மண்ணில் அது மந்தமாகத்தான் இருக்கும். பக்கத்தில் கட்டிய 40 மீட்டர் கம்பி அதைத் தோற்கடிக்கும். அதைப் பார்த்து மனம் மாறி, ராமேஸ்வரத்துக்குக் கழியை விட்டுவிட்டுப் போனால் நஷ்டம் உங்களுக்கு. காப்பித் தோட்டத்துக்குள் உரிமையாளரைக் கேட்காமல் நுழையாதீர்கள். சில்வர் ஓக் மரத்தில் கயிறு வீசுவதற்கும் அனுமதி வேண்டும். சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு, பொழுது சாயும் முன் பிரித்துக் கட்டி இறங்கிவிடுங்கள்.

மின்கம்பி பற்றி இரண்டு வரி. கழியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் மேலே எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது. தூரத்தில் இடி கேட்டாலே கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி, கழியைப் படுக்கவைத்து, கரையை விட்டு நகர்ந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மாலை இடி அங்கே சகஜம். அனுப்பும்போது கம்பியிலிருந்து குழந்தை மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நுனிகளில் 20 வாட்டிலேயே நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும், தொட்டால் தோல் பொசுங்கும்.

பதிவேட்டில் நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுத வேண்டும், நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து. காலை ஐந்தரைக்கு முன் பேசியது முந்தைய நாள் தேதியில் சேரும்; பிறகு தொடர்பை உறுதிசெய்து அனுப்பும் உறுதிச்சீட்டு பொருந்தாமல் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது. அழைப்புக்குறிக்குப் பின்னால், வெளியிடத்திலிருந்து இயக்குவதைக் காட்டும் ஸ்ட்ரோக் பி சேர்த்துச் சொன்னால் எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள்.

உப்புக் காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாள் இரவும் செட்டின் மேல் உலர்ந்த துணி, ஆன்டெனாவின் பி.என்.சி. முனைகளில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு ஈரம் போக உலர்த்தல். சாலிடர் வைத்த இடங்களில் முன்கூட்டியே வாஸலின் தடவி வைத்தால் பச்சை பூக்காது. கழியின் கணுக்களுக்குள் மணல் போனால் மறுநாள் மடங்காமல் இறுகிக்கொள்ளும். இழுத்து உடைக்காமல், குளியலறையில் அடிமூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலசுங்கள். சேலம் திரும்பியதும் கழி, கம்பி, கயிறு மூன்றையும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, மாடி நிழலில் இரண்டு நாள் காய விட்டு, அதற்குப் பிறகே பைக்குள் வையுங்கள்.